உறையாத பேய், உதிரும் கல்லறை: ஓவன் இல்லாமல் செய்யும் பேய்த் தட்டில் எது கெட்டால் என்ன செய்வது

அக்டோபர் வந்துவிட்டால் மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊரில் மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மேல், பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்கும். ஊர்ப் பலகையில் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த வெக்கையிலும் ஈரத்திலும்தான் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீன் என்ற பேய் விழாவுக்காகச் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பேய்த் தட்டு செய்கிறேன். 5 வயதிலிருந்து 12 வயது வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஓவன் வேண்டாம். அடுப்பு எரிவது கொஞ்ச நேரம்தான், அதுவும் பெரியவர் கையில்.

தட்டு இதுதான்: அடியில் மண்ணாகப் பட்டிக் கேக் (பிஸ்கட் துண்டுகளைச் சாக்லேட் கலவையில் போட்டு அழுத்திக் குளிரவைப்பது), அதில் கல்லறையாக நட்டுவைத்த மேரி பிஸ்கட், தேங்காய்ப்பால் அகார் அகாரில் (கடல்பாசி ஜெல்லியில்) வெள்ளைப் பேய்கள், லைச்சிப் பழத்தில் கண்கள், ரோஸ் சிரப்பில் ரத்தம், மேலே சாக்லேட் சிலந்தி வலை.

இணையத்தில் வரும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுச் சமையலறைக்கு எழுதியவை. அங்கே மேசையில் வைத்தால் தானாக இறுகுவது இங்கே இறுகாது. அங்கே மொறுமொறுப்பாக நிற்பது இங்கே ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி இரண்டே காரணத்தில் வந்தவை. கொதிக்க வேண்டியது போதுமான அளவு கொதித்திருக்காது, இல்லையென்றால் ஆற வேண்டியது போதுமான அளவு ஆறியிருக்காது. அதனால் ஏதாவது கெட்டால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் அறிகுறியைப் பாருங்கள். அநேகமாக எதையும் குப்பையில் கொட்ட வேண்டி வராது. இதை வேலை ஆரம்பிக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பயமில்லாமல் கலக்கும் கை நன்றாகக் கலக்கும்.

நான் எடுக்கும் அளவு. கேக்குக்கு: மேரி பிஸ்கட் 300 கிராம், வெண்ணெய் 150 கிராம், கெட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்) 250 கிராம், மைலோ (சாக்லேட் மால்ட் பானப் பொடி) 150 கிராம், கொக்கோப் பொடி 40 கிராம், தண்ணீர் 100 மில்லி. முட்டை சேர்ப்பதில்லை. முட்டை போட்டால் அடுப்பில் நின்று கவனமாக வேகவைக்க வேண்டும், பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது அது முடியாது. பேய்க்கு: அகார் பொடி 10 கிராம், தண்ணீர் 700 மில்லி, தேங்காய்ப்பால் 300 மில்லி, சீனி 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, வாசனைக்கு முடிச்சுப் போட்ட பாண்டான் (ரம்பை) இலை இரண்டு.

இனி அறிகுறிகளுக்கு வருகிறேன். தலைப்புகள் பிள்ளைகள் என்னிடம் ஓடிவந்து சொன்ன சொற்கள்.

“டீச்சர், ஆறிப் போச்சு, ஆனா இன்னும் தண்ணியாவே இருக்கு”

முதலில் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மணல் மாதிரி கண்ணாடித் துகள்கள் தெரிந்தால் அகார் கரையவே இல்லை. வெந்நீரில் அது கரையாது, தளதளவென்று கொதிக்க வேண்டும். பொடியைப் பச்சைத் தண்ணீரில் தூவி, 5 நிமிடம் ஊறவிட்டு, பிறகு அடுப்பேற்றுங்கள். கொதி வந்தபின் குறைந்தது 2 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். பொடி முழுக்கக் கரைந்த பிறகுதான் சீனி. கொதிக்கிற தண்ணீரில் பொடியைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். உள்ளே இருப்பது கடைசிவரை நனையாது.

துகள் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் இறுகவில்லை என்றால் தண்ணீரோ தேங்காய்ப்பாலோ கூடிவிட்டது. அளந்து ஊற்றியது பிள்ளை என்றால் இது சகஜம். 2 கிராம் பொடியைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்துக் கரைத்து, சட்டியிலிருக்கும் கலவையோடு சேர்த்துச் சூடாக்குங்கள். அகாரின் பெரிய குணமே இதுதான்: உறைந்ததை மறுபடி உருக்கலாம், உருகியதை மறுபடி உறையவைக்கலாம். ஏறக்குறைய 85 டிகிரிக்கு மேல் போனால் உருகும். ஆறும்போது 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் இறுகத் தொடங்கும். நம் வீட்டு மேசையின் சூடு 30, 32 டிகிரி என்பதால் ஐஸ் பெட்டி (ஃபிரிட்ஜ்) இல்லாமலே அது உறையும்.

மூன்றாவது காரணம் புளிப்பு. எலுமிச்சைச் சாறோ அசாம்பொய் (புளிப்பான உலர்ந்த பழம்) ஊறிய தண்ணீரோ விட்டுக் கொதிக்கவைத்தால் அகாரின் பிடிப்பு அறுந்துபோகும். என் பாட்டி பால்மரம் சீவியவர். ரப்பர்ப் பாலில் ஆசிட் விட்டால் அது கட்டியாக உறையும் என்று சின்ன வயதிலேயே பார்த்துப் பழகிவிட்டதால், இங்கேயும் புளிப்பு உதவும் என்று முதல் ஆண்டு நம்பினேன். அகாரில் கதை தலைகீழ். புளிப்பு வேண்டுமென்றால் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு கடைசியாக விடுங்கள். ஏற்கெனவே புளிப்போடு கொதித்துக் கெட்டுவிட்டதைத் திருப்பிக் கொதிக்கவைத்தும் பலனில்லை. அதைக் குளிரவைத்து ரத்தத் தண்ணீர் என்று குடிக்கக் கொடுத்துவிடுங்கள், புதிதாக ஒரு பாக்கெட் பிரியுங்கள்.

நான்காவது, கையில் இருப்பது அகாரே இல்லாமல் ஜெலட்டினாக இருப்பது. இரண்டு பொடியும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கும், பார்க்கவும் ஒன்றுபோல் இருக்கும். ஜெலட்டின் 30, 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், நம் ஊர் மத்தியானத்தில் நிற்காது. பச்சை அன்னாசியோ பப்பாளியோ போட்டால் ஐஸ் பெட்டியிலும் உறையாது, அந்தப் பழங்களில் உள்ள என்சைம் அதைத் தின்றுவிடும். அகாரை அந்தப் பழங்கள் ஒன்றும் செய்வதில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜெலட்டின் மாட்டுத் தோல் எலும்பிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. என் தட்டைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளில் மாட்டுக்கறி தொடாதவர்கள் இருக்கிறார்கள், ஹலால் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், புரட்டாசி விரதம் முடிந்தும் சைவமாகவே இருக்கும் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறாள். கடல்பாசியிலிருந்து வரும் அகாரை எல்லோரும் கை நீட்டி வாங்கலாம். பேயைச் செய்ய மார்ஷ்மெல்லோ எடுக்காததற்கும் இதுதான் காரணம், அதிலும் பெரும்பாலும் ஜெலட்டின்தான்.

ஆறுவதற்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற கிருமி ஆய்வாளரின் ஆய்வகத்தில் கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்தார்கள். கோடை வந்ததும் ஜெலட்டின் உருகி ஓடியது. அங்கே வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகாரைப் போட்டுப் பாருங்கள் என்று சொன்னார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒரு டச்சுக்காரர் குடும்பம். நம் வட்டாரத்துச் சமையலறை அறிவு ஆய்வகத்துக்குப் போனது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அகார் என்ற சொல்லே மலாய்ச் சொல்தான். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள்.

“ரப்பர் மாதிரி இருக்கு, கடிக்க முடியல”

பொடி அதிகம், அல்லது ரொம்ப நேரம் கொதித்துத் தண்ணீர் வற்றிவிட்டது. வெட்டித் துண்டாக்கி, 100 மில்லி தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைத்து ஊற்றுங்கள்.

“பேய் ரெண்டாப் பிரிஞ்சிருச்சு”

இதில் இரண்டு வகை இருக்கிறது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, ஒரே சட்டியில் செய்த பேய், கீழே கண்ணாடியாகவும் மேலே வெள்ளையாகவும் உறைவது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே மிதந்ததால் வருவது. எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கும் திறப்புவிழாவுக்கும் செய்யும் அகாரில் இதை வேண்டுமென்றே வரவைப்பார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். பேய்க்கு மட்டும் சரிவராது, இடுப்புக்குக் கீழே பேய் காணாமல் போய்விடும். தேங்காய்ப்பாலை அகார் கரைந்த பிறகு மெதுவான தீயில் ஊற்றி, லேசாகக் கொதி கட்டும்போதே இறக்கிவிடுங்கள். பிறகு சட்டியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்து, கொஞ்சம் கெட்டியாக ஆரம்பிக்கும் நேரத்தில் அச்சில் ஊற்றுங்கள். இந்தக் கிளறும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், ஆனால் சட்டி தொடும் சூட்டுக்கு வந்த பிறகு மட்டும். வெள்ளையில் திரிதிரியாகத் தெரிந்தால் தேங்காய்ப்பால் கொதித்துத் திரிந்துவிட்டது. ருசி கெடாது. பழைய பேய், துணி கிழிந்துவிட்டது என்று சொல்லிப் பரிமாறுகிறேன்.

இரண்டாவது வகை, மேலடுக்கு கீழடுக்கிலிருந்து கழன்று வழுக்கி விழுவது. முதல் அடுக்கை முழுக்க உறையவிட்டு, அதன்மேல் ஆறிப்போன கலவையை ஊற்றியதால் வந்தது. விரலால் தொட்டால் ஆடை கட்டியிருக்க வேண்டும், ஆனால் விரலில் கொஞ்சம் ஒட்டவும் வேண்டும். அடுத்த அடுக்கை ஊற்ற அதுதான் நேரம். அது கடந்துவிட்டால் முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட்டு, மேலடுக்கைச் சூடாக ஊற்றுங்கள். ஊற்றுவது பெரியவர், கீறுவது பிள்ளைகள். என் வகுப்பில் கீறும் வேலைக்குத்தான் சண்டை நடக்கும்.

“கண்ணு மேல வந்து மிதக்குது”

லைச்சியின் குழிக்குள் ஓர் உலர்ந்த திராட்சையை வைத்தால் அதுவே கருவிழி. இதை அச்சில் போட்டு அகாரை முழுக்க ஊற்றினால் பழம் மிதந்து ஒரு பக்கமாகச் சாயும், கண் வானத்தைப் பார்க்கும். கால் பங்கு ஊற்றி, ஆடை கட்டியதும் கண்ணை அதில் அழுத்தி உட்காரவைத்து, மீதியை ஊற்றுங்கள். டின்னிலிருந்து எடுத்த லைச்சியைத் துணியில் ஒற்றி எடுக்க மறக்காதீர்கள். பாகு ஒட்டியிருந்தால் அகார் பிடிக்காது, வெட்டும்போது கண் உருண்டு ஓடிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். உருண்டையாக, வழுவழுப்பாக இருப்பது சின்னப் பிள்ளை தொண்டையில் சிக்கும். 5 வயதுக்குக் கீழே இருந்தால் கண்ணை நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும், எவ்வளவு அழுதாலும் சரி. அகாருக்குப் பதிலாகக் கொஞ்ஞாக் என்ற கிழங்கின் பொடியை வாங்கிவிடாதீர்கள். அது அகார்போல் வாயில் உடையாது. சின்னக் கப் ஜெல்லியில் கொஞ்ஞாக் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்ததே பிள்ளைகள் மூச்சுத் திணறியதால்தான். சாப்பிடும்போது ஓட்டம் கூடாது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

“பேய் அழுவுது, தட்டெல்லாம் தண்ணி”

சூடாக இருக்கும்போதே மூடி போட்டிருந்தால் ஆவி படிந்து சொட்டியிருக்கும். துணியில் ஒற்றிவிட்டால் போதும். மூடி இல்லாமலே தண்ணீர் விட்டால் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது என்று அர்த்தம், அகார் வைக்க வைக்கக் கொஞ்சம் நீர் விடும். அவசரத்துக்கு ஃபிரீசரில் வைத்திருந்தீர்கள் என்றால் அதுதான் காரணம், அதைச் சரிசெய்ய வழியில்லை. உள்ளே ஐஸ் ஊசி ஊசியாகக் கட்டி அகாரைக் கிழித்துவிடும், வெளியே எடுத்ததும் தண்ணீர் தனியாக வடிந்து பேய் ஸ்பான்ஞ்சாகிவிடும். ஜப்பானில் மலைப் பனியில் வைத்து இப்படித்தான் தண்ணீரைப் பிரித்துக் காய்ந்த அகார் தயாரித்தார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிர்.

“நீலமா இருந்துச்சு, இப்போ ஊதாவாயிருச்சு!”

இது கோளாறாகத் தொடங்கி, இப்போது வேண்டுமென்றே நான் செய்யும் வித்தையாகிவிட்டது. பேய்க்குப் பின்னால் இரவு வானம் வேண்டும் என்று வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவைப் பறித்து வெந்நீரில் ஊறவைத்து நீலம் எடுத்தோம். ஒரு பிள்ளை எலுமிச்சை பிழிந்த கரண்டியையே அதில் விட்டுவிட்டாள். சட்டியே ஊதாவானது. சங்குப்பூவின் நிறம் புளிப்புப் பட்டால் ஊதா, இன்னும் புளிப்பு ஏறினால் இளஞ்சிவப்பு. நீலமே நிற்க வேண்டுமென்றால் கரண்டியும் சட்டியும் புளிப்பில்லாமல் கழுவியிருக்க வேண்டும். மாற வேண்டுமென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கப் நீலத் தண்ணீர், ஒரு துண்டு எலுமிச்சை கொடுத்துவிட்டு, விளக்கை அணையுங்கள், ஒரு டார்ச் மட்டும் அடியுங்கள். பத்துப் பிள்ளைகள் ஒன்றாக மூச்சை இழுக்கும் சத்தத்தைக் கேட்க வேண்டும்!

கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. நான் போடுவதில்லை. வயிற்றில் இருக்கும் மருந்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும், எந்தப் பிள்ளை காலையில் என்ன மருந்து குடித்துவிட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. கொக்கோப் பொடியின் நிறமே இரவுக்குப் போதும்.

“கலவையில எண்ணெய் பிரிஞ்சு மிதக்குது”

பட்டிக் கேக்குக்கு வெண்ணெய், கெட்டிப்பால், மைலோ, கொக்கோ எல்லாம் மெதுவான தீயில் ஒன்றாகி, கரண்டியிலிருந்து நாடாவாக விழ வேண்டும். தீ கூடினால் தண்ணீர் வற்றும், வெண்ணெய் வெளியே வந்துவிடும். அடுப்பை அணைத்து, ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சுடுதண்ணீர் விட்டு விறுவிறுவென்று அடியுங்கள். இரண்டு மூன்று கரண்டியில் மினுமினுவென்று சேர்ந்துவிடும். பிள்ளைகள் கண்முன்னே நடக்கும் இந்த மீட்பு எனக்குத் தட்டிலேயே பிடித்த கட்டம்.

“வெட்டினா உதிருது”

மூன்று கேள்வி கேளுங்கள். பிஸ்கட்டை எப்படி உடைத்தீர்கள்? ஒரு பிஸ்கட்டுக்கு நான்கு துண்டு என்பது கணக்கு. உடைப்பதுதான் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த வேலை என்பதால் நிறுத்தாமல் பொடியாக்கிவிடுவார்கள், பொடி கலவையை எல்லாம் குடித்துவிட்டு வறண்டுபோகும். அப்படி ஆகிவிட்டால் கெட்டிப்பால் இரண்டு கரண்டி சேர்த்து உருண்டை பிடியுங்கள். அதை மண்டை ஓடாக்கலாம், வண்டாக்கலாம்.

அழுத்தினீர்களா? டின்னில் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, அடி தட்டையான டம்ளரால் மூலை முடுக்கெல்லாம் அழுத்த வேண்டும். அதன்மேல் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் வைத்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு நேரம் குளிர்ந்தது? ஐஸ் பெட்டியில் 4 மணி நேரம் குறைந்தபட்சம், ஓர் இரவு இருந்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். அதனால் நான் கேக்கை வெள்ளிக்கிழமை சாயங்காலமே செய்யவைக்கிறேன், சனிக்கிழமை அலங்காரம் மட்டும். ஒரே நாளில் எல்லாம் முடிக்க வேண்டும் என்று நினைத்த ஆண்டுகளில்தான் கேக் உதிர்ந்தது.

உதிராமல் கொழகொழவென்று இருந்தால் காரணம் வேறு. கலவை தண்ணீராக இருந்தது, அல்லது பிஸ்கட் பாக்கெட்டை முதல் நாளே பிரித்துவைத்து அது நமுத்துப்போனது. நம் காற்றில் பிரித்த பாக்கெட் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. கரண்டியால் கப்பில் அள்ளிப்போட்டுப் புதைகுழி என்று கொடுங்கள், யாரும் மிச்சம் வைக்கமாட்டார்கள்.

“கல்லறை சாஞ்சு விழுந்துருச்சு”

நட்டுவைத்த மேரி பிஸ்கட் ஈரம் குடித்து மெத்தென்று ஆகிவிட்டது. பரிமாறும் நேரத்தில்தான் நட வேண்டும். முன்னதாகவே நட்டாக வேண்டுமென்றால் புதையும் பாதிக்கு உருக்கிய சாக்லேட் பூசிக் காயவிடுங்கள், ஈரம் உள்ளே ஏறாது. இந்த பிஸ்கட் 1874-இல் லண்டனில் ரஷ்ய இளவரசி மரியாவின் கல்யாணத்துக்காகச் செய்து அவர் பெயரையே வைத்தது. கல்யாண பிஸ்கட்டையா கல்லறையாக்குகிறோம் என்று ஒரு பெண் பிள்ளை கவலைப்பட்டாள். கவலை நியாயமானதுதான். அவள் கல்லறையில் மட்டும் பூ வரைந்துகொள்ளச் சொன்னேன்.

“சாக்லேட் களிமண்ணாயிருச்சு”

உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருக்கும், அல்லது ஈரக் கரண்டி. சாக்லேட்டில் உள்ள சீனியும் கொக்கோவும் அந்தச் சொட்டைப் பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். விநோதமாகத் தோன்றும், ஆனால் இதற்கு மருந்து இன்னும் தண்ணீர்தான். சுடவைத்த பால் இரண்டு மூன்று கரண்டி விட்டுக் கலக்கினால் குழம்பாக இளகும். அது வலை வரைய உதவாது, இனி இறுகாது. கேக் மேல் ஊற்றி ஈர மண்ணாக்கிவிட்டு, வலைக்குப் புதிதாக உருக்குங்கள். சாக்லேட் கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ச் சட்டிமேல் வைக்கும்போது ஆவி உள்ளே வராமல் கிண்ணம் சட்டியின் வாயை மூடியிருக்க வேண்டும்.

“வலை கையில ஒட்டுது, தூக்கினா உருகுது”

நல்ல சாக்லேட்டில் இருப்பது கொக்கோ வெண்ணெய். அது 34 டிகிரியில் முழுக்க உருகும், அதற்கு முன்னாலேயே இளகிவிடும். பிள்ளையின் விரல் சூடும் கிட்டத்தட்ட அதே அளவுதான். பலகாரக் கடையில் கட்டியாக விற்கும் பூச்சுச் சாக்லேட் இந்த வேலைக்குப் போதும். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் பெரும்பாலும் செம்பனைக் கொட்டை எண்ணெய்தான் இருக்கும், தானாக இறுகும், நம் வெக்கையைக் கொஞ்சம் தாங்கும். இதைச் சொல்லும்போது பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். மலேசியாவில் செம்பனையை முதன்முதலாக வணிகத்துக்கு நட்டது 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, நட்ட இடம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டம். தங்கள் தாத்தா பாட்டி தூக்கிச் சுமந்த குலையின் எண்ணெய் இந்த வலைக்குள் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெய்த் தாளில் வரைந்து, 10 நிமிடம் ஐஸ் பெட்டியில் வைத்து, தாளை வலையிலிருந்து உரியுங்கள். வலையைத் தாளிலிருந்து தூக்கினால்தான் உடையும். உடைந்துவிட்டால் துண்டுகளைக் கல்லறைமேல் சாய்த்துவையுங்கள், சிலந்தி வலை கிழிந்துதானே இருக்கும்.

“ரத்தம் ஓடிப் பேயெல்லாம் ரோஸாயிருச்சு”

சிரப்பை அப்படியே ஊற்றியிருப்பீர்கள். அரைக் கப் ரோஸ் சிரப்புக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவை (கார்ன்ஃபிளார்) பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கண்ணாடியாகும் வரை காய்ச்சி, முழுக்க ஆறவையுங்கள். சொட்டினால் சொட்டு நிற்கும்.

“எறும்பு வந்துருச்சு!”

மேசைக்கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதன் நடுவில் தட்டை உயரமாக வையுங்கள். ஏறிவிட்ட எறும்பை ஊதித் தள்ளிவிட்டுச் சாப்பிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுவேன்.

“அவன் அழுறான் டீச்சர்”

இதுவும் ஒரு கோளாறுதான், இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சின்னப் பிள்ளை ஒன்று விளக்கணைத்ததும் பயந்துபோனால் உடனே விளக்கைப் போடுங்கள். மற்ற பிள்ளைகள் ஓ என்று கத்தினாலும் பரவாயில்லை. பயந்த பிள்ளையின் கையில் கரண்டியைக் கொடுத்து, பேய்க்கு வாய் வரையச் சொல்லுங்கள். சிரிக்கிற வாயா அழுகிற வாயா என்பதை அவனே முடிவு செய்யட்டும். தான் செய்த பேயைப் பார்த்துப் பயந்த பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

“பாட்டி கோச்சுக்கிட்டாங்க”

அக்டோபர் 31-க்கு அடுத்த இரண்டாவது நாள், நவம்பர் 2, கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். எங்கள் ஊரிலும் புல் வெட்டி, மெழுகுவத்தி ஏற்றி, போனவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. முதல் ஆண்டு நாங்கள் பிஸ்கட்டில் சிலுவை வரைந்துவிட்டோம். பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, முகம் வாடிப்போனது. அந்த ஆண்டுதான் அவர் தன் கணவரை அடக்கம் செய்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் எங்கள் கல்லறைகளில் சிலுவை கிடையாது, மனிதர் பெயரும் கிடையாது.

பதிலாக, செத்துப்போன பொருள்களின் பெயரை எழுதச் சொல்கிறேன். அறுந்த ஜப்பான் செருப்பு, செயின் கழன்ற சைக்கிள், விழுந்த முன்பல், மை தீர்ந்த பேனா. போன ஆண்டு ஒரு பையன் “எங்க லயத்து வீடு” என்று எழுதினான். தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீட்டை இடித்துப் புது வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவன் பிறந்தது பழையதில். அந்த பிஸ்கட்டை யாரும் சாப்பிடவில்லை, அவனே வீட்டுக்கு எடுத்துப்போனான்.

வீட்டில் இந்த விழாவே வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரும் உண்டு. அது அவர்கள் உரிமை. இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கேட்டபோது பேயில்லாமல் பூவும் நிலாவும் வைத்து ஒரு தட்டு தனியாகச் செய்தோம், செய்முறை ஒன்றுதான். 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31-ம் ஒரே நாளில் வந்தபோது பேய்த் தட்டை முந்தின சனிக்கிழமைக்கே தள்ளிவிட்டோம். தீபாவளிக்கு வீட்டில் முறுக்குப் பிழியும் வேலை கிடக்கும்போது பிள்ளைகளை இழுத்துவைத்தால் அம்மாக்கள் பொறுக்கமாட்டார்கள்.

“மிச்சம் இருக்கு, வைக்கலாமா?”

தேங்காய்ப்பால் சேர்ந்த பேயை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், நம் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். ஐஸ் பெட்டியில் மூடிவைத்தால் மறுநாள் வரை நன்றாக இருக்கும். முகர்ந்து பார்த்துப் புளிப்பு வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பட்டிக் கேக் மூடிய டின்னில் 4, 5 நாள் தாங்கும், ஆனால் நட்ட பிஸ்கட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு வையுங்கள். வலையைத் தனி டப்பாவில், எண்ணெய்த் தாளுக்கு இடையில். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததும் டப்பாவை உடனே திறக்காமல் கால் மணி நேரம் மூடியே வைத்தால் சாக்லேட்டில் வியர்வை படியாது.